எஞ்சின் அறையும் லயத்து விளக்கும்: ஊவாத் தோட்டங்களின் இயந்திரப் பராமரிப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் பொருளாதார வரலாற்றை எழுதியோர் பயிர், மூலதனம், உழைப்பு என்னும் மூன்றையுமே பெரும்பாலும் முதன்மைப்படுத்தியுள்ளனர். கோப்பி அழிந்து தேயிலை தழைத்த கதையும், இலண்டனிலிருந்து பணம் வந்த கதையும், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் கால்நடையாக வந்த கதையும் விரிவாகவே ஆராயப்பட்டுள்ளன. பறித்த கொழுந்தை விற்பனைக்குரிய தேயிலையாக மாற்றிய இயந்திரங்களைப் பற்றி எழுதப்பட்டவை அவற்றை நோக்கக் குறைவேயாகும். எழுதப்பட்டவையும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரின் பெயரையும் அதனை வாங்கிய கம்பனியின் பெயரையும் கூறுவதோடு அமைந்துவிடுகின்றன. அவ்வியந்திரத்தை நாள்தோறும் துடைத்து, எண்ணெயிட்டு, அதன் ஓசையில் ஏற்படும் சிறு மாற்றத்தையும் கேட்டறிந்து, ஐம்பது அறுபது ஆண்டுகள் ஓடச் செய்தவர் யாவர் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. ஓர் இயந்திரத்தின் வரலாறு அது வாங்கப்பட்ட நாளோடு முடிவதன்று. உண்மையில் அந்நாளிலேதான் அது தொடங்குகின்றது. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர்ச்சக்கரத்திலிருந்து எண்ணெய் எஞ்சின் வரை

ஊவாத் தோட்டங்களின் முதல் இயந்திரச் சக்தி நீரே. கோப்பிக் காலத்தில் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரங்களை மலையோடைகளின் நீரால் சுழன்ற சக்கரங்கள் இயக்கின. இன்றும் மலையகத் தமிழர் தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றே வழங்குவது அக்காலத்தின் எச்சமாகும். கோப்பியைப் பதப்படுத்திச் சேமித்து வைத்த கட்டிடத்தின் பெயர் பயிர் மாறியபின்னும் மாறாது நிலைத்துவிட்டது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக 1869ஆம் ஆண்டு இனங்காணப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராகத் தொடங்கியபோது கொழுந்து கையாலேயே உருட்டப்பட்டது. தேயிலைப் பரப்பு பெருகியபோது கைகள் போதாவாயின. வில்லியம் ஜாக்சன் அமைத்த உருட்டும் இயந்திரங்களும், சாமுவேல் டேவிட்சன் பெல்பாஸ்ட் நகரிலே உருவாக்கிய 'சிறொக்கோ' உலர்த்தியும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் தேயிலைத் தயாரிப்பின் தன்மையையே மாற்றின. இவற்றின் வருகையோடு தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் இடையறாத சுழற்சிச் சக்தி இன்றியமையாததாயிற்று. கட்டிடத்தின் நீளத்துக்கும் ஓடிய ஒரே சுழல்தண்டிலிருந்து தோற்பட்டிகள் வழியாக எல்லா இயந்திரங்களும் சக்தியைப் பெற்றன. அத்தண்டைச் சுழற்றுவதற்கு நீர்ச்சக்கரம், நீராவி எஞ்சின், நீர்ச்சுழலி, எண்ணெய் எஞ்சின் ஆகியன இடத்துக்கும் வசதிக்கும் ஏற்பப் பயன்பட்டன.

ஊவா 1886இல் தனி மாகாணமாக்கப்பட்டது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். ஆயின் புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையே எட்டியிருந்தது. அது அப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்து, பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேயாகும். இந்த ஆண்டுகள் போக்குவரத்து வரலாற்றுக்கு மட்டும் உரியன அல்ல. பாதை முடிந்த இடத்திலிருந்து வார்ப்பிரும்புச் சக்கரங்களும் தண்டுகளும் மாட்டுவண்டியிலும் மனிதர் தோளிலுமே மலையேறின. உடைந்த ஓர் உறுப்புக்கு மாற்று உறுப்பு வேண்டின் அது கடல்கடந்து வரவேண்டும். வந்தபின்னும் மலையேற வேண்டும். பசறை, லுணுகலை, மடுல்சீமை போன்ற தொலைவிடங்களிலே உடைந்ததை உள்ளூரில் திருத்திக்கொள்ளும் திறன் ஒரு வசதியாக அன்றி ஒரு தேவையாகவே வளர்ந்தமைக்கு இத்தொலைவே காரணம் எனலாம். கண்டியிலும் அட்டனிலும் தோன்றிய வோக்கர், பிறவுண் முதலிய பொறியியல் நிறுவனங்கள் பெரும் பழுதுகளைக் கவனித்தன. அன்றாடப் பழுதுகளோ தோட்டத்துப் பட்டறையிலேயே தீர்க்கப்பட்டன.

ஊவாவின் பருவமும் துணை எஞ்சினும்

ஊவாத் தோட்டங்களின் இயந்திர வரலாறு மேற்குச் சரிவின் வரலாற்றினின்றும் வேறுபடும் இடம் ஒன்றுண்டு. அதனைப் பருவக்காற்றே வகுத்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலே மழையைச் சொரிந்தபின் வறண்ட காற்றாக ஊவாவில் இறங்குகின்றது. யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் இவ்வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தை அளிக்கின்றது. ஆண்டின் ஏனைய மாதங்களிலே கிடைக்காத விலை அப்பருவத்துத் தேயிலைக்குக் கிடைக்கும்.

அதே காற்றுத்தான் ஓடைகளையும் வற்றச் செய்கின்றது. நீர்ச்சுழலியை நம்பிய தொழிற்சாலைக்குச் சக்தி மிகக் குறையும் மாதங்களும், அத்தொழிற்சாலை மிக உயர்ந்த தேயிலையைத் தயாரிக்கும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிட்டன. மழை மிகுந்த காலத்திலே நீர் பெருகும். தேயிலையின் தரம் குறையும். காற்று வறண்ட காலத்திலே தரம் உயரும், நீர் குறையும். இம்முரண்பாட்டைத் தீர்த்தது நீர்ச்சுழலியின் பக்கத்திலே நிறுத்தப்பட்ட எண்ணெய் எஞ்சினேயாகும். இன்று 'துணை மின்பிறப்பாக்கி' என்று நாம் அழைக்கும் கருத்து ஊவாவில் ஆடம்பரமாகத் தோன்றியதன்று. மலையின் இயல்பே அதனை வேண்டியது.

துணை எஞ்சினைப் பேணுவது எப்போதும் ஓடும் எஞ்சினைப் பேணுவதிலும் கடினமானது என்பது ஈண்டு கவனிக்கற்பாலது. எப்போதும் ஓடும் எஞ்சின் தன் பழுதைத் தானே அறிவிக்கும். சும்மா நிற்கும் எஞ்சினோ பழுதை மறைத்து வைத்திருந்து, தேவைப்படும் இரவிலே காட்டிக்கொடுக்கும். ஊவாவின் ஈரமான மாதங்களிலே எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது உருளையின் உட்புறத்தில் துருவேறும். எண்ணெய்த் தொட்டியின் அடியிலே நீர் தேங்கும். டைனமோவின் கம்பிச்சுருள்களில் ஈரம் ஏறும். ஆதலின் தேவையில்லாத நாட்களிலும் அதனை இடையிடையே ஓட்டிச் சூடேற்றி வைத்தல் வேண்டும். பயன் உடனே தெரியாத இவ்வேலையைச் செய்வதற்குப் பொறுமையும் பொறுப்புணர்வும் வேண்டப்பட்டன.

பராமரிப்பு என்னும் தொழில்

அக்காலத்து எஞ்சின்களின் இயல்பைச் சிறிது விளக்குதல் பொருத்தமாகும். 1890களில் இங்கிலாந்தின் ஹோர்ன்ஸ்பி நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய எண்ணெய் எஞ்சின் தானாகத் தொடங்குவதன்று. அதன் தலைப்புறத்திலுள்ள இரும்புக் குமிழை ஊதுவிளக்கினால் பல நிமிடங்கள் சூடாக்கி, தக்க சூட்டினை அனுபவத்தால் அறிந்து, பின்னரே கனத்த பெருஞ்சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். சூடு குறைந்தால் எஞ்சின் எழாது. சக்கரத்தை இழுப்பவன் கவனம் தவறினால் அது எதிர்ப்புறமாகத் திரும்பிக் கையை முறிக்கவுங் கூடும். அப்புத்தளையின் குளிர்ந்த அதிகாலையில் இது எளிய செயலன்று.

டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் நிறுவனம் 1930 அளவில் விற்பனைக்கு விட்ட டீசல் எஞ்சின், குளிர்ந்த நிலையிலேயே கைப்பிடியால் தொடங்கத்தக்கதாக இருந்தமையால் உலகெங்கும் பரவிற்று. நிமிடத்துக்கு 600 அல்லது 650 முறை மட்டுமே சுழன்ற அது ஐந்து அல்லது ஆறு குதிரைவலுவையே அளித்தது. அதன் வலிமை வேகத்தில் இல்லை. மெதுவாக நீண்ட காலம் உழைப்பதிலேயே இருந்தது. இந்தியாவின் ராஜ்கோட் நகரத்துப் பட்டறைகள் பிற்காலத்தில் இதே அமைப்பைப் பின்பற்றிப் பல எஞ்சின்களை வார்த்தன. தெற்காசியாவின் வயல்களிலும் ஆலைகளிலும் அவ்வோசை இன்னும் முற்றாக அடங்கவில்லை.

எந்த நிறுவனத்தின் எஞ்சினாயினும் அதனை வாழவைத்த செயல்கள் பெரும்பாலும் ஒன்றே. எண்ணெயை வடிகட்டி, அழுக்கும் நீரும் அடியில் படியவிட்டு, தெளிந்ததையே எஞ்சினுக்கு விடுதல் முதலாவது. குழாயில் காற்று அகப்பட்டால் எஞ்சின் திணறும். 'எயர் பிடித்துவிட்டது' என்று தொழிலாளர் கூறும் அந்நிலையில் இணைப்பைச் சற்றுத் தளர்த்தி, நுரையற்ற எண்ணெய் வரும்வரை வெளியேற்றுதல் இரண்டாவது. உருளைத்தலையிலும் புகைவழியிலும் படியும் கரியைச் சுரண்டுதல், வால்வுகளை அரைத்து இருத்துதல், தேய்ந்த தாங்கியின் வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்து மையிட்டுப் பார்த்துச் சுரண்டுதல், குளிர்நீர் செல்லும் வழியில் படியும் சுண்ணத்தை அகற்றுதல், தோற்பட்டியின் தொய்வை நீக்குதல் என்பன ஏனையவை. நீர்ச்சுழலிக்கோ வேறுவகையான வேலைகள் இருந்தன. மழையிரவுகளிலே வாய்க்காலின் முகப்புத் தட்டியில் சேரும் சருகை வாரவேண்டும். மணல் அரித்த நீர்முனையை மாற்றவேண்டும்.

உயரமும் ஒரு சிக்கலாகும். சாதாரண எஞ்சினின் வலு ஒவ்வொரு நூறு மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறையும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுக் கணக்கு. கடல்மட்டத்தில் அளந்து குறிக்கப்பட்ட குதிரைவலு, 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துவிடும். எஞ்சினின் தகட்டிலே பொறிக்கப்பட்ட எண்ணை நம்பி அதன்மேற் சுமையேற்றினால் கரும்புகை எழும். புகையின் நிறம் கண்டு சுமையைக் குறைக்க அறிந்தவன் அந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்திருக்க வேண்டியதில்லை.

இவ்வறிவு எத்துணை மதிப்புடையது என்பது எஞ்சின் நின்றுவிடும் வேளையிலேதான் புலப்படும். உருட்டப்பட்ட கொழுந்து நொதிக்கத் தொடங்கியபின் காத்திராது. உலர்த்தியின் காற்றாடி நின்றால் அடுத்தடுத்த தட்டுகளிலுள்ள கொழுந்து மணமிழக்கும். மலைச்சரிவில் நாள்முழுதும் நின்று நூற்றுக்கணக்கான பெண்கள் பறித்த கொழுந்தின் பயன் ஒருவனுடைய ஊதுவிளக்கிலும் திருகுசாவியிலும் தங்கியிருந்தது. இவ்வேலையில் சிங்களவரும் தமிழரும் கலந்தே ஈடுபட்டனர். கைத்தொழில் வல்லவரைக் குறிக்கும் 'பாஸ்' என்னும் சொல் ஒல்லாந்த மொழியிலிருந்து சிங்களத்துக்கு வந்து, அங்கிருந்து தோட்டத் தமிழிலும் புகுந்தது. எஞ்சின் அறையிலே தொழிலின் மொழி இனத்தின் மொழியைக் கடந்து சென்றமைக்கு அச்சொல்லே சான்றாகும்.

ஒளியின் எல்லை

1895இல் கொழும்பில் பவுஸ்டெட் சகோதரர் ஒரு விடுதிக்கு மின்னொளி வழங்கியதிலிருந்தே இலங்கையின் மின்சார வரலாறு தொடங்குவதாகக் கூறுவர். அதுவும் ஒரு தனியார் மின்பிறப்பாக்கியே என்பது கருதத்தக்கது. சுழல்தண்டோடு ஒரு டைனமோவை இணைத்தல் பெருஞ்செலவன்று. ஆதலின் தோட்டங்களிலும் மின்னொளி வந்தது. தொழிற்சாலையில் விளக்குகள் எரிந்தன. துரையின் பங்களாவுக்குக் கம்பி சென்றது. சில இடங்களில் உத்தியோகத்தர் வீடுகளையும் அது எட்டியது. லயத்துக்கு மட்டும் அக்கம்பி பொதுவாகச் செல்லவில்லை.

எஞ்சினை ஓட்டிவிட்டு வீடு திரும்பிய தொழிலாளி குப்பிவிளக்கின் ஒளியிலேதான் உண்டான். அவன் பிள்ளைகளும் அவ்வொளியிலேதான் படித்தனர். தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் இடையேயுள்ள சில நூறு யார் தூரத்தைக் கடக்கும் தொழில்நுட்பம் இல்லாமற் போகவில்லை. அத்தூரத்தைக் கடப்பிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதிருந்தது. பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் வந்தது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலும் அதன் பின்னருமேயாகும். இயந்திர வரலாறு சமூக வரலாற்றினின்றும் பிரிக்க முடியாதது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அரசியல் இதற்கு மேலும் ஓர் இழப்பைச் சேர்த்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரில் செய்துகொள்ளப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. தலைமன்னாரூடாகக் கப்பலேறியோரை எண்ணிக்கையாகவே ஆவணங்கள் குறித்தன. அவர்களுள் இருபது முப்பது ஆண்டுகள் ஒரே எஞ்சினோடு வாழ்ந்தோரும் இருந்திருத்தல் வேண்டும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனிக்குணம் உண்டு. அதனை அறிந்தவன் போனபின் அவ்வறிவை மீட்டுத் தரும் நூல் எதுவும் இல்லை.

மின்வலையும் மறதியும்

டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், நாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து பெருமளவில் மின்சக்தி பெறும் திட்டத்தை முன்வைத்தார். அது நனவாகி லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950ஆம் ஆண்டிலேயாகும். இலங்கை மின்சார சபை 1969இல் நிறுவப்பட்டது. தேசிய மின்வலை மலைநாட்டில் விரிவடைந்தபோது, தோட்டங்கள் தமது சிறு நீர்ச்சுழலிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. வலையிலிருந்து வந்த மின்சாரம் மலிவாக இருந்தது. சருகு வாரவும் தாங்கிக்கு எண்ணெயிடவும் ஆள் வைப்பது வீண்செலவாகத் தோன்றியது. மலையகமெங்கும் நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் அமைப்புகள் இவ்வாறு செயலிழந்தன.

1972, 1975 ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இதற்கிடையில் 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை பன்மடங்காகியது. கைவிட்ட நீர்ச்சுழலிகளின் அருமை அப்போதுதான் உணரப்படலாயிற்று. பொருளியலறிஞர் சூமாக்கர் 1966இல் பிரித்தானியாவில் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு, 1980களில் இலங்கைத் தோட்டங்களின் பழைய நீர்மின் அமைப்புகளைப் புதுப்பிக்கும் பணியில் ஈடுபட்டது. அவ்வமைப்புகளை மீண்டும் இயக்குவதற்குச் சுழலி மட்டும் போதாது. அதன் இயல்பறிந்த ஆளும் வேண்டும். தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்கள் பல இன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இரும்பு காக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியதே. அதனை ஓட்டிய கைகளின் வரலாறு அவ்வாறு காக்கப்பட்டதா என்பதே நம் வினா.

2022 கற்பித்த பாடம்

இவ்வரலாறு பழங்கதையாக முடிந்துவிடவில்லை என்பதை 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று. அந்நியச் செலாவணி வறண்டு எரிபொருள் இறக்குமதி தடைப்பட்டபோது, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. கடைகளிலும் வீடுகளிலும் சிறு ஜெனரேட்டர்களின் ஓசை எழுந்தது. விரைவிலேயே அவற்றிற் பலவும் அடங்கின. மின்வெட்டுக்குக் காரணமான அதே எரிபொருட் பஞ்சம் அவற்றையும் தாக்கியதே அதற்குரிய முதற்காரணம். துணைச்சக்தி என்பது முதற்சக்தி எதனால் தடைப்படுகின்றதோ அதனால் தடைப்படாததாக இருத்தல் வேண்டும் என்ற பழைய ஊவாத் தோட்டங்களின் பாடம் மறக்கப்பட்டிருந்தது. அன்று நீர் வற்றியபோது எண்ணெய் உதவிற்று. இன்று எண்ணெய் வற்றியபோது உதவுவதற்கு அந்நீர்ச்சுழலிகள் பெரும்பாலும் இல்லை.

பராமரிப்பின்மை மற்றைய காரணம். இக்காலத்துச் சிறு மின்பிறப்பாக்கிகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்வன. பழைய எஞ்சினைப்போல அவை அலட்சியத்தைப் பொறுப்பதில்லை. மாதக்கணக்கில் தொட்டியில் நின்ற பெற்றோல் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். சுமையின்றியே ஓட்டப்படும் டீசல் எஞ்சினின் புகைவழியில் எரியாத எண்ணெய் படியும். ஆதலின் இடையிடையே தக்க சுமையோடு ஓட்டுதலும், உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுதலும் இன்றியமையாதன. மூடிய அறையில் ஓட்டினால் நிறமும் மணமுமற்ற நச்சுப்புகை உயிரைக் குடிக்கும். மாற்று ஆளி இன்றி வீட்டுக் கம்பியோடு நேரே இணைத்தால், வீதியிலே கம்பத்தில் வேலைசெய்யும் ஊழியனின் உயிருக்கும் ஆபத்து நேரும். இவை யாவும் எஞ்சின் அறையின் அன்றாட ஒழுக்கத்தைச் சேர்ந்த அறிவே. இயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அவ்வொழுக்கம் உடன்வரவில்லை.

அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மின்சாரம் இன்னும் எட்டாத, அல்லது எட்டியும் துண்டிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இதன் பொருள் யாதென்று விளக்க வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் பதுளை மாவட்டத்தின் உமா ஓயாத் திட்டம் 120 மெகாவாற்று வலுவோடு திறந்துவைக்கப்பட்டது. ஊவாவின் நீர் மீண்டும் மின்சாரமாகின்றது. அவ்வொளி எவர் வீட்டில் எத்துணை நேரம் எரிகின்றது என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினாவாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு முடிவுகள் பெறப்படும். ஊவாவின் தேயிலைப் புகழ் காற்றாலும் மண்ணாலும் மட்டும் அமைந்ததன்று. வறண்ட மாதங்களிலே துணை எஞ்சினை நிற்காது ஓட்டியவர்களின் உழைப்பும் அப்புகழில் அடங்கியுள்ளது. இது முதலாவது முடிவு. அவ்வுழைப்பாளர் உண்டாக்கிய ஒளியில் அவர்களுக்குப் பங்கு வழங்கப்படவில்லை என்பது இரண்டாவது. முதலாவது அவர்களுடைய திறமையின் வரலாறு. இரண்டாவது அத்திறமைக்கு இழைக்கப்பட்ட அநீதியின் வரலாறு. மலையக மக்களை வறுமையின் சின்னங்களாக மட்டுமே காட்டும் எழுத்துகள் முதலாவதைத் தவறவிடுகின்றன. தேயிலையின் வெற்றியைப் பாடும் எழுத்துகள் இரண்டாவதை மறைக்கின்றன. இரண்டையும் ஒருங்கே கூறுவதே நேரிய வரலாறாகும்.

இதற்குரிய சான்றுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. எஞ்சின் ஓடிய நேரத்தையும் எண்ணெய்ச் செலவையும் குறித்த தொழிற்சாலை ஏடுகள் கறையானுக்கு இரையாகின்றன. பழைய எஞ்சின்கள் இரும்பு விலைக்குச் செல்கின்றன. எல்லாவற்றிலும் மேலாக, அவற்றை ஓட்டிய முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் மாணவர் பலர் பல்கலைக்கழகம் வருகின்றனர். அவர்கள் விடுமுறையிலே தம் தோட்டத்து ஸ்டோரில் வேலைசெய்த பெரியவர் ஒருவரோடு அமர்ந்து, எஞ்சின் எது, அதன் பழுது எது, அதனைத் திருத்திய முறை எது என்று கேட்டெழுதி வருவாராயின், எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத ஒரு வரலாறு நமக்குக் கிடைக்கும். அதனை எழுதும் கடமை அவர்களின் பிள்ளைகளாகிய நமக்கே உரியது.